வாசனைப் பொருள் அலர்ஜி: ரத்தப் பரிசோதனையா, வீட்டுச் சோதனையா, பேட்ச் டெஸ்ட்டா?

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் என் இடது கண் இமை தடித்துத் தோல் உரிய ஆரம்பித்தது. அடுத்து கழுத்தின் இரண்டு பக்கமும், அதற்கடுத்து காதுக்குப் பின்னால். பார்த்தவர்கள் எல்லாரும் கத்திரிக்காயை நிறுத்து, கருவாட்டை நிறுத்து என்றார்கள். நிறுத்தினேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட் போட்டால் நான்கு நாளில் அடங்கும், விட்டால் பத்தாம் நாள் திரும்ப வந்து நிற்கும். அதில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு லேபில் 'அலர்ஜி பேனல்' என்று ரத்தம் எடுத்து நான்கு பக்க ரிப்போர்ட் கொடுத்தார்கள். இறாலுக்கும் வீட்டுத் தூசிக்கும் நேரே நட்சத்திரக் குறி. இறாலையும் நிறுத்தினேன். அரிப்பு நிற்கவில்லை.

காரணம் வாசனைப் பொருள் என்று தெரிய ஏழு மாதம் ஆனது. சென்ட், க்ரீம், பௌடர், ஷாம்பு இவற்றில் ஏதோ ஒன்றுதான் என்று சந்தேகப்படுகிறவர்கள் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: ரத்தம் எடுப்பது, வாசனையெல்லாம் விட்டுப் பார்ப்பது, வீட்டிலேயே தடவிப் பார்ப்பது, தோல் மருத்துவரிடம் சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். நான்கையும் நான் செய்திருக்கிறேன், தப்பான வரிசையில். எது எதற்கு உதவும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

ரத்தப் பரிசோதனையை முதலில் ஒதுக்கிவிடலாம். அது தேடுவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை. இறால் தின்ற அரை மணியில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்புவது, தூசி பட்டதும் அடுக்கடுக்காகத் தும்முவது, மூச்சு இழுப்பது எல்லாம் இந்த ஐஜிஇ வழியாக வருபவை. கையில் ஊசியால் லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட்டும் இதே வகையைத்தான் கண்டுபிடிக்கும், அதுவும் கால் மணி நேரத்தில். வாசனைப் பொருளால் தோலில் வரும் படை வேறு வழியில் வருவது. அந்தப் பொருளின் நுண்ணிய மூலக்கூறு தோலுக்குள் இறங்கி, தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அதை அந்நியமாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே பொருள் பட்டால் அவை திரண்டு வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை பிடிக்கும். இதில் ஐஜிஇக்கு வேலையே இல்லை. எத்தனை ஆயிரம் கொடுத்து எடுத்தாலும், இல்லாத ஒன்றை ரத்தத்தில் தேட முடியாது. என் ரிப்போர்ட்டில் இறாலுக்கு வந்த நட்சத்திரம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் என் கழுத்துக்கும் சம்பந்தம் கிடையாது. நான் ஆயுசு முழுக்க இறால் தின்று ஒரு நாளும் தடித்ததில்லை.

இந்த ஒன்று முதல் மூன்று நாள் இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு சென்ட் அடித்துக்கொண்டு போனால் செவ்வாய்க்கிழமைதான் அரிக்கும். செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்போமே தவிர, ஞாயிற்றுக்கிழமை சென்ட் யாருக்கும் நினைவு வராது. 'பத்து வருஷமா இதே க்ரீம்தானே போடுறேன், இப்ப எப்படி ஒத்துக்காம போகும்' என்று நானும் கேட்டேன். போட்டுப் போட்டுத்தான் அந்த ஒவ்வாமை உருவாகிறது. பத்து வருடம் ஒத்துக்கொண்டது பதினோராம் வருடத்துக்குச் சான்று ஆகாது.

ஒரு விஷயம் மட்டும் தனி. சென்ட் அடித்த சில நிமிடங்களில் உதடு வீங்கினாலோ மூச்சு அடைத்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது வேறு வகை, அவசர வகை.

அடுத்தது, வாசனை உள்ள எல்லாவற்றையும் விட்டுப் பார்ப்பது. காசு செலவில்லாத வழி. நாலிலிருந்து ஆறு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே கிளம்பிய படை ஆறவே வாரக் கணக்கில் ஆகும். ஒரு வாரம் விட்டுவிட்டு 'அதுவும் இல்லை' என்று முடிவுகட்டுவது சரியில்லை. கர்ப்பிணிகளுக்குப் பேட்ச் டெஸ்ட்டைப் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். அவர்களுக்கு இதுவே முதல் வழி.

சிக்கல், 'எல்லாவற்றையும்' என்ற சொல்லில் இருக்கிறது. நான் சென்ட், பௌடர் இரண்டையும் விட்டேன். ஷாம்புவை விடவில்லை. ஷாம்பு கழுவிப் போகிற பொருள்தானே என்று நினைத்தேன். அது வழிந்து இறங்குவது காதுக்குப் பின்னாலும் கழுத்தின் பக்கவாட்டிலும்தான் என்பது மண்டையில் ஏறவில்லை. கண் இமை இன்னும் மோசம். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். கையில் தடவிய க்ரீம், நகத்தில் பூசியது, பக்கத்தில் புகையும் ஊதுபத்தி எதுவானாலும் கைக்கு ஒன்றும் ஆகாமல் இமையில் போய்த் தெரியலாம். நாம் விட்டாலும் வீட்டுக்காரரின் ஷேவிங் லோஷன் விடாது. துணி துவைத்தபின் ஊற்றும் மணத் திரவம், பாத்திர சோப்பு, முதுகு வலித் தைலம் என்று பட்டியல் நீள்கிறது.

லேபிளும் கைகொடுக்காது. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் வாசனைப் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை. மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க ஒரு வாசனையைச் சேர்த்து, மொத்தத்தில் மணமே தெரியாமல் செய்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதைத்தான் தேட வேண்டும். அதிலும் பின்பக்கப் பட்டியலில் லாவண்டர் எண்ணெய், சந்தன எண்ணெய் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலிகை, ஆயுர்வேதம், இயற்கை என்று எழுதியிருப்பவை பத்திரம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எனக்கும் இருந்தது. கிராம்பில் இருக்கும் யூஜெனால், பட்டையில் இருக்கும் சின்னமால், எலுமிச்சைப் புல்லில் இருக்கும் சிட்ரால் மூன்றுமே ஒவ்வாமை தருவதில் பேர்போனவை. தோலுக்குத் தோட்டத்தில் விளைந்ததும் ஆலையில் செய்ததும் ஒன்றுதான்.

விட்டுப் பார்த்து ஆறினால்கூடப் பாதி விடைதான் கிடைக்கும். க்ரீமை விட்டதால் ஆறியது என்றால், அதிலிருந்த வாசனையா, அது கெடாமல் இருக்கச் சேர்த்த மீதைல்ஐசோதயாசொலினோன் போன்ற பதப்படுத்தியா என்று தெரியாது. பதப்படுத்தி என்றால் வாசனையே இல்லாத இன்னொரு க்ரீமிலும் அது காத்திருக்கும்.

மூன்றாவது வழியான தடவிப் பார்க்கும் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். மருத்துவர்கள் இதை ரோட் (ROAT, திரும்பத் திரும்பத் திறந்தபடி தடவும் சோதனை) என்பார்கள். சந்தேகப்படுகிற க்ரீமையோ லோஷனையோ முழங்கை மடிப்புக்குச் சற்று அருகில், உட்பக்கத்தில், ஒரு பெரிய நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலமான இடத்தில், காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை தடவ வேண்டும். மூடக்கூடாது, கட்டுப் போடக்கூடாது. ஒரு வாரத்தில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாரம் வரை தொடரலாம். அரிப்பு, சிறுசிறு பொரி, தடிப்பு ஏதாவது வந்தால் அன்றோடு நிறுத்திக் கழுவிவிட வேண்டும். என் மாய்ஸ்சரைசர் ஆறாம் நாள் பொரித்தது. இரண்டாம் நாளே 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டிருந்தால் அது தப்பித்திருக்கும்.

தோலில் தங்கும் பொருளுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. சோப்பையும் ஷாம்புவையும் இப்படித் தடவி வைத்தால் அலர்ஜி இல்லாதவருக்கும் எரியும். அவை கழுவிப் போகவென்று செய்யப்பட்டவை, தங்கினால் தோலைக் கடிக்கும். அதேபோல், க்ரீமைத் தடவி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி 'வீட்டுப் பேட்ச் டெஸ்ட்' செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். மூடி வைத்தால் வீரியம் பல மடங்கு ஏறும், தோல் வெந்துபோய்க் கறுப்புத் தழும்பு விழும். சுத்தமான வாசனை எண்ணெய்களை நேராக ஒட்டுவது அதைவிட ஆபத்து. சோதித்துப் பார்க்கப் போய் இல்லாத ஒவ்வாமையை வரவழைத்துக்கொண்டதாக ஆகலாம்.

இந்தச் சோதனை சொல்வது 'இந்தப் புட்டி எனக்கு ஆகுமா' என்பதை மட்டும். புட்டிக்குள் எது ஆகவில்லை என்று சொல்லாது. ஒரே ஒரு பொருள்மேல்தான் உறுதியான சந்தேகம், அதை விட்டுவிட எந்த வருத்தமும் இல்லை என்றால் இதோடு நின்றுவிடலாம். எனக்கு அப்படி அமையவில்லை. மாய்ஸ்சரைசரை மாற்றினேன், அடுத்ததும் பொரித்தது. அதன்பிறகுதான் பேட்ச் டெஸ்ட்.

பேட்ச் டெஸ்ட் புதிதாக வந்ததில்லை. 1895-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மாநாட்டில் யோசெஃப் யாடாசோன் என்ற தோல் மருத்துவர் இதை முன்வைத்தார். அவர் அதில் கண்டது பாதரச மருந்தின் ஒவ்வாமையை. அடிப்படை இன்றும் அதேதான்: சந்தேகப் பொருளைத் தோலில் 48 மணி நேரம் மூடி வைத்து, அந்த டி செல்களுக்கு வந்து சேர அவகாசம் கொடுப்பது.

திங்கட்கிழமை காலை போனேன். குப்புறப் படுக்கச் சொல்லி, சட்டைப் பொத்தான் அளவு அலுமினியக் கிண்ணங்கள் வரிசையாகப் பதித்த பிளாஸ்திரிப் பட்டைகளை முதுகின் மேல்பாதியில் ஒட்டினார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் வாஸ்லினில் குழைத்த ஒரு பொருள், நெல்மணி அளவுக்கு. நர்ஸம்மா மார்க்கர் பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு எண் எழுதினார். 'இது அழியக்கூடாதும்மா, அழிஞ்சா எது எதுன்னு தெரியாது' என்றார். புதன்கிழமை பட்டைகளை உரித்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, முதல் பார்வை. வெள்ளிக்கிழமை இரண்டாம் பார்வை. டாக்டர் ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, கண்ணால் பார்த்ததைவிட விரல் நுனியால் தடவித்தான் அதிகம் பார்த்தார். நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. கையில் தட்டுப்படும் மேடும் சின்னச் சின்னக் கொப்புளமும்தான் சாட்சி. ஒரு இடத்தில் விரல் நின்றது. புதன்கிழமை அங்கே ஒன்றுமே இல்லை.

ஆகவே இரண்டாம் பார்வை இல்லாத பேட்ச் டெஸ்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். 48 மணி நேரத்தில் ஒரு தடவை பார்த்து முடித்துவிடும் இடங்களும் உண்டு. அப்போது தோன்றி அடுத்த நாளே மங்குவது பெரும்பாலும் வெறும் எரிச்சல். மூன்றாம் நான்காம் நாளில் வலுப்பதுதான் ஒவ்வாமை. சில பொருள்களுக்கு ஏழாம் நாளும் பார்ப்பார்கள். பதிவு செய்யும் முன் 'டாக்டர் எத்தனை தடவை ரீடிங் பார்ப்பார்' என்று கேளுங்கள்.

இதிலும் சின்னது, பெரியது என்று தேர்வு உண்டு. நம் நாட்டில் வழக்கமாக வைப்பது இந்தியன் ஸ்டாண்டர்ட் சீரிஸ். நிக்கல், சிமென்ட்டில் உள்ள குரோமியம், முடிச்சாயத்தின் பிபிடி, பார்த்தீனியச் செடி எல்லாம் அதில் வரும். வாசனைக்கென்று இருப்பது ஃபிராக்ரன்ஸ் மிக்ஸும் பெரு பால்சமும். ஃபிராக்ரன்ஸ் மிக்ஸின் முதல் கலவையை 1977-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் லார்சன் வகுத்தார். சின்னமால், சின்னமைல் ஆல்கஹால், யூஜெனால், ஐசோயூஜெனால், ஜெரனியால், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால், அமைல் சின்னமால், ஓக்மாஸ் என்ற மரப்பாசிச் சாறு என எட்டும் ஒரே கிண்ணத்தில். சிட்ரால், கூமரின், ஃபார்னிசால் முதலிய ஆறு அடங்கிய இரண்டாம் கலவை பிறகு வந்தது. பெரு பால்சம் எல் சால்வடோர் நாட்டில் ஒரு மரத்தைக் கீறி எடுக்கும் பிசின். சாம்பிராணியோடு அதற்கு உறவு உண்டு. ஒன்றுக்குப் பொரிக்கிறவருக்கு இன்னொன்றும் பொரிக்க வாய்ப்பு அதிகம்.

பெரிய தேர்வு, இந்தக் கலவைகளைப் பிரித்து ஒவ்வொரு பொருளாகத் தனித்தனிக் கிண்ணத்தில் வைக்கும் காஸ்மெடிக், ஃபிராக்ரன்ஸ் சீரிஸ்கள். செலவு கூடும், எல்லா ஊரிலும் கிடைக்காது. வேண்டுமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். காரணம் நம் லேபிள். ஐரோப்பாவில் 2005 முதல் 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும். 2023-இல் அந்தப் பட்டியலை இன்னும் பெரிதாக்கினார்கள். அங்கே 'எனக்கு ஜெரனியால் ஆகாது' என்று தெரிந்தால் கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்கலாம். நம் ஊர்ப் புட்டிகளில் பெரும்பாலும் 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்துவிடும். பெயர் தெரிந்தும் தேட இடமில்லை. கடைசியில் தங்கும் வாசனைப் பொருள் எல்லாவற்றையும் விடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லப்போகிறார். அதைச் சொல்ல முதல் கலவையே போதும்.

ஆனால் தொழிலில் அதே பொருளைத் தொடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஊதுபத்தி உருட்டுகிறவர், பார்லரில் மசாஜ் எண்ணெய் போடுகிறவர், பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவர் எல்லாரும் பெரிய சீரிஸுக்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு. தற்காலிகப் பல் அடைப்புக் கலவையில் யூஜெனால் சேரும். வேலையை விடுவதா, கையுறையோடு தொடர்வதா என்பது அந்த ஒரு பெயரில் தொங்கும். முகம் முழுக்க அரிப்பே இல்லாமல் சாம்பல் கறுப்பாகக் கறுத்துக்கொண்டே போகிறவர்களும் விரிவாகவே பார்க்க வேண்டும். குங்குமம், முகப்பூச்சு இவற்றிலுள்ள சாயமும் வாசனையும் அந்தக் கறுப்புக்குக் காரணமாக இருப்பதுண்டு. வெயில் படும் இடம் மட்டும் என்றால் ஒளியும் சேர்த்துச் சோதிக்கும் போட்டோ பேட்ச் டெஸ்ட் தேவைப்படலாம்.

எந்த சீரிஸ் ஆனாலும் நீங்கள் பூசுகிற பொருள்களை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். க்ரீமை அப்படியே வைப்பார்கள், சோப்பு வகையைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து வைப்பார்கள். கம்பெனிக் கலவைகளில் இல்லாத ஏதோ ஒன்று உங்கள் புட்டியில் இருக்கலாம். ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் லாவண்டரின் லினலூலும் புதிதாக இருக்கும்போது சாது. மூடி திறந்து காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் பொல்லாதவை ஆகின்றன. அந்த மாறிய வடிவம் நம் நாட்டு வழக்கமான சீரிஸில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே எல்லாம் நெகட்டிவ் என்று வந்தாலும் வாசனைக்கு விடுதலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடம் பாதி தீர்ந்து கிடக்கும் சென்ட்டை அப்போதும் தடவிப் பார்க்கும் சோதனைக்கு உட்படுத்தலாம்.

பாசிட்டிவ் என்று வந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ் கொஞ்சம் எரிச்சலூட்டும் கலவைதான். டாக்டர் குறிக்கும் மெலிதான ஒரு பிளஸ் (+) வெறும் எரிச்சலாக இருக்கலாம், அல்லது கலவையைக் குழைக்கச் சேர்த்த சார்பிட்டன் செஸ்கிஒலியேட்டின் வேலையாகக்கூட இருக்கலாம். அந்தப் பொருள் நிஜமாக உங்கள் படை வந்த இடத்தில் படுகிறதா என்று டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்காகத்தான் முதுகைக் கொடுக்கிறோம்.

தயாரிப்பு பற்றிச் சுருக்கமாக. முதுகில் படை இருக்கக்கூடாது, ஒரு வாரம் முன்பிருந்து அங்கே ஸ்டீராய்டு க்ரீம் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது விடையை அழித்துவிடும். அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின் வகை மாத்திரை இந்தச் சோதனையைக் கெடுக்காது; பிரிக் டெஸ்ட்டைத்தான் கெடுக்கும். கடைசிப் பார்வை முடியும்வரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. சித்திரையில் வைத்தால் பட்டை புதன்கிழமைக்கு முன்பே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவசரம் இல்லையென்றால் மார்கழி, தை பாருங்கள். ஐந்து நாள் தலைக்குக் குளிக்காமல், இடுப்புக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொண்டு இருப்பது எளிதில்லை. அதுவும் நடுவில் வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் பேச்சு வேறு. பொரித்த இடத்தில் சில மாதம் கறுப்புப் புள்ளி நிற்கும். எனக்கு நான்கு மாதம் நின்றது.

செலவு இடத்துக்கு இடம் மாறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் விசாரித்துவிட்டுத் தனியாரிடம் போங்கள். எனக்கு அந்த ரத்தப் பேனலுக்கு ஆனதைவிடப் பேட்ச் டெஸ்ட்டுக்குக் குறைவாகவே ஆனது.

என் முதுகில் பொரித்தவை ஃபிராக்ரன்ஸ் மிக்ஸும் பெரு பால்சமும். இரண்டு மாய்ஸ்சரைசர், ஒரு ஷாம்பு, வீட்டுக்காரரின் ஷேவிங் லோஷன் நான்கும் வெளியே போயின. ஆறு வாரத்தில் இமை ஆறியது. இறாலும் கத்திரிக்காயும் திரும்ப வந்தன. மல்லிகைப்பூ வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதைத் தனியாகச் சோதிக்கவில்லை, தோல் நன்றாக ஆறிய பிறகு தினம் ஒரு முழம் வைத்து இரண்டு வாரம் பாருங்கள் என்றார். பின்கழுத்தைத் தினமும் ராத்திரி கண்ணாடியில் பார்த்தேன். பதினான்காம் நாளும் ஒன்றும் இல்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.